புதுப்பிப்பு: தம்பிக்கும் அம்மை போட்டது, ஆனால் லேசாக

நான்கு வாரம் முன்பு கேட்டிருந்தேன்: எட்டு வயது மகளுக்குச் சின்னம்மை, ஐந்து வயது மகனுக்கு ஒரு தவணை ஊசிதான் போட்டிருக்கிறோம், இப்போது இரண்டாவதைப் போட்டால் பயன் உண்டா என்று. உடனே கூட்டிப்போகச் சொன்னவர்களுக்கு நன்றி. அக்காவுக்குக் கொப்புளம் கண்ட மறுநாளே போட்டுவிட்டோம். தொற்று பட்ட 3 முதல் 5 நாளுக்குள் போட்டால்தான் பலன் என்றார் மருத்துவர். அதிலும் கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடுமாம்.

தொற்று பட்டால் 21 நாள் வரை அம்மை வெளிப்படலாம் என்பதால், அப்புறம் தம்பிக்கும் வருமா என்று காலண்டரைப் பார்த்தபடி இருந்தோம். பதினைந்தாம் நாள் வயிற்றில் மூன்று சிவப்புப் புள்ளி! எண்ணிப் பார்த்ததில் மொத்தம் பதினெட்டு. காய்ச்சலே இல்லை, பாதி நீர் கோர்க்காமலே அடங்கிவிட்டது. மகளுக்கோ தலைக்குள், வாய்க்குள் என்று எண்ண முடியாத அளவு. அவளுக்கு ஒரு தவணைகூடப் போடவில்லை. அரசு தடுப்பூசி அட்டவணையில் இல்லாததால் தள்ளிப்போட்டது எங்கள் தப்புதான்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுத்தோம். குழந்தைகளுக்கு இதில் ஆஸ்பிரின் கூடவே கூடாது. கர்ப்பமாக இருக்கும் நாத்தனாரை வீட்டுப் பக்கம் வரவிடவில்லை, கொஞ்சம் கோபம்தான்.

எல்லாம் பொருக்குத் தட்டிய பின் நேற்று இருவரும் பள்ளிக்குப் போனார்கள். வாசலில் செருகிய வேப்பிலையை இன்னும் எடுக்கவில்லை. "பேரனை ஆத்தா எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா" என்கிறார் மாமியார்.