வீட்டு கராஜில் கட்டிய 1929 ஹாட் ராடுக்குப் பெயிண்ட்: வரிசை, கலர், ஷோவில் வரும் விமர்சனம்

நோவிராட்29 (கேள்வி)

வணக்கம். மிச்சிகன், நோவியிலிருந்து எழுதுகிறேன். ஹாட் ராட், அதாவது பழைய பாடியில் சக்தி கூடிய எஞ்சின் போட்ட வண்டி, கட்டியிருக்கிறேன். 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர், அசல் இரும்பு பாடி. கீழே 1932 ஃபோர்டு மாதிரி சேஸிஸ், மட்கார்டு இல்லாத ஹைபாய். எஞ்சின் ஷெவி (ஷெவர்லே) 350. வண்டி ஓடுகிறது, பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் சரி. பாடியில் பழைய பெயிண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது, ஏழெட்டு இடத்தில் ஒடுக்கு, கதவுக்குக் கீழே வெல்டிங் செய்த ஒட்டு.

இரண்டு கார் கராஜ், 60 காலன் கம்ப்ரஸர் இருக்கிறது. பெயிண்ட் கடைக்குக் கொடுக்க விருப்பமில்லை. எந்த வரிசையில் என்ன கோட் அடிக்க வேண்டும்? கறுப்பா, அடர் சிவப்பா, அல்லது மங்கலான சாட்டின் கறுப்பா? ஆகஸ்டில் வுட்வர்ட் டிரீம் குரூஸ் (வுட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் ஊர்வலம்), அடுத்த ஆண்டு டெட்ராய்ட் ஆட்டோரமா வண்டிக் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். "ஃபோர்டில் ஷெவி எஞ்சினா", "ஆரஞ்சுத் தோல் தெரியுமே" (பெயிண்ட் பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாவது) என்று பெயிண்ட் அடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

உப்புத்தாள்80

முதலில் கலரை மறந்துவிடுங்கள். வண்டியை முழுசாக ஒருமுறை பூட்டுங்கள்: கதவு, டெக் மூடி (பின்பெட்டி மூடி), விண்ட்ஷீல்ட் தூண், ஹூட், ரேடியேட்டர் ஷெல், ஹெட்லைட் தாங்கி, வயர் போகும் துளை வரை எல்லாம். பெயிண்டுக்கு அப்புறம் ஒரு துளை போட்டாலும் அந்த இடத்தில் கோட் உரியும், பின்னால் துரு பிடிக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டையும் ஷிம்மும் (இடைவெளி நிரப்பும் தகடு) கடைசியில் இருக்கப்போகிற அதே கனத்தில் இருக்கட்டும். மாடல் ஏ பாடி நெகிழும். ஒரு போல்ட்டை இறுக்கினால் கதவு இடைவெளி மாறிவிடும். இடைவெளியை எட்டில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலே வையுங்கள். பிரைமர், கலர், கிளியர் (நிறமில்லாத மேல்கோட்) எல்லாம் இரண்டு விளிம்பிலும் ஏறும்போது அது குறையும். வெறும் இரும்பில் மிக நெருக்கமாக வைத்த கதவு, பெயிண்ட் ஆனபின் திறக்கும்போது விளிம்பு பெயர்ந்து வரும்.

இந்த வண்டிக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை: 1928, 29 மாடல் ஏயில் பெட்ரோல் டேங்கே கௌல். விண்ட்ஷீல்டுக்கு முன்னால் வெளியே தெரிகிற தகடு டேங்கின் மேற்பக்கம்தான். பழைய டேங்கை வைத்திருந்தால் அதன் பக்கத்தில் கிரைண்டர், வெல்டிங் எதுவும் கூடாது. காலி டேங்கில்தான் ஆவி அதிகம். கழற்றி, கழுவி, காயவைத்து வெளியே வையுங்கள்.

பழைய பெயிண்டை 80 நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கில் எடுங்கள். பாடித் தகட்டை மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். டெக் மூடி, கதவு போன்ற விரிந்த தகடுகள் நெளிந்துவிடும், அந்த நெளிவை எந்தப் பட்டியும் மறைக்காது. சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் தாராளமாக அடிக்கலாம்.

வெறும் இரும்பு தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் (இரும்பைத் துருவிடாமல் காக்கும் அடிக்கோட்) இரண்டு கோட். பட்டி எபாக்ஸிக்கு மேலே போகட்டும். ஈரக்காற்று வரும் மிச்சிகனில் இரும்பின் மேல் நேராகப் பட்டி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எபாக்ஸியை 180ல் லேசாகக் கீறிவிட்டுப் பட்டி. கனம் எட்டில் ஒரு அங்குலத்தைத் தாண்டினால் தகட்டைத் தட்டி இன்னும் நேராக்க வேண்டும் என்று அர்த்தம். வெல்டிங் ஒட்டில் ஊசித்துளை இருக்கிறதா என்று உள்ளே விளக்கு வைத்துப் பாருங்கள். துளை வழியாக ஈரம் வந்தால் பட்டி ஒரு குளிர்காலத்தில் குமிழ் விடும்.

பிறகு கனமான 2கே (ஹார்டனர் கலந்து இறுகும்) யூரித்தேன் பிரைமர் மூன்று கோட். மேலே கறுப்பு கைடு கோட் தூவி, நீளமான கட்டையில் 180, அடுத்து 320 வைத்து குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். கறுப்பு மிச்சம் நிற்கும் இடம் பள்ளம், முதலில் இரும்பு எட்டிப் பார்க்கும் இடம் மேடு. மேடு தெரிந்தால் தேய்ப்பதை நிறுத்தித் தட்டுங்கள். ரோட்ஸ்டருக்கு இந்த வேலை இரண்டு சுற்றாவது ஆகும். விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகும். கலருக்கு முன் கடைசியாகத் தண்ணீர் விட்டு 600. இரும்பு தெரிந்த விளிம்புகளுக்குத் தின்னர் சற்று அதிகம் சேர்த்த எபாக்ஸியை சீலராக (கலருக்கு அடியில் மூடும் கோட்டாக) ஒரு கோட்.

மட்கார்டு இல்லாத இந்த பாடிக்கு சுமாராக: எபாக்ஸி ஒரு காலன், 2கே பிரைமர் ஒரு காலன், கலர் மூன்று குவார்ட் (முக்கால் காலன்), கிளியர் ஒரு காலன். எல்லாம் ஒரே கம்பெனியின் வரிசையில் வாங்குங்கள். கலப்பு விகிதம், கோட்டுக்குக் கோட் இடைவெளி எல்லாம் அந்தந்த டப்பாவின் டெக் ஷீட்டில் (கம்பெனி தரும் தொழில்நுட்பத் தாள்) இருப்பதே வேதவாக்கு.

முகமூடி

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் இது. 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை ஒவ்வாமைக்கு ஆளாக்கிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா வரும், திரும்பப் போகாது. கார்பன் கார்ட்ரிஜ் முகமூடியில் ஒரு சிக்கல்: கார்ட்ரிஜ் தீர்ந்துபோனதை மூக்கு சொல்லாது, ஐசோசயனேட்டின் வாசனை தெரியும் முன்பே அளவு மீறியிருக்கும். வெளிக்காற்றை ஊதிக் கொடுக்கும் முகமூடி வாங்குங்கள், அதன் பம்பை கராஜுக்கு வெளியே, சுத்தமான காற்றில் வையுங்கள். சாதாரண ஷாப் கம்ப்ரஸரிலிருந்து மூச்சுக் காற்று எடுக்கவே கூடாது, எண்ணெய் சூடாகிக் கார்பன் மோனாக்சைடு வரும். தோல் வழியாகவும் ஏறும், அதனால் நைட்ரைல் கையுறை, தலைமூடியோடு முழு ஆடை.

வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் வீட்டுக் கதவை டேப் போட்டு அடையுங்கள். வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருந்தால் கேஸை மூடி அதன் சுடரை அணைத்த பிறகுதான் ஸ்ப்ரே கன்னைத் தொட வேண்டும். ஃபேனை ஆவி வெளியேறும் பக்கம் வைக்காதீர்கள், மோட்டார் தீப்பொறி போதும். உள்ளே வரும் பக்கம் ஃபில்டருக்குப் பின்னால் வைத்துச் சுத்தக் காற்றை உள்ளே தள்ளுங்கள், எதிர்ப்பக்கம் ஃபில்டர் வழியாக வெளியேறட்டும். இப்படிச் செய்தால் கராஜ் இடுக்குகளிலிருந்து தூசியும் உள்ளே இழுக்கப்படாது. சுவரெல்லாம் பிளாஸ்டிக் ஷீட், தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

கன்_1.3

காற்றைப் பற்றி. ஹெச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று ஊதும் ஸ்ப்ரே கன்) 10 முதல் 14 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரை கேட்கும். 60 காலன் டேங்க் மட்டும் பார்த்தால் போதாது, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எவ்வளவு சிஎஃப்எம் தருகிறது என்று பாருங்கள். ஈரப் பிரிப்பானைக் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் மாட்டினால் பயனில்லை. காற்று சூடாக இருக்கும்போது நீர் ஆவியாகவே கடந்து போய்விடும். 25 அடியாவது உலோகக் குழாயில் ஓடி ஆறிய பிறகு பிரிப்பான் வரட்டும். ஹோஸ் உள்விட்டம் எட்டில் மூன்று அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

பிரைமருக்கு 1.8 மில்லிமீட்டர் டிப் (கன்னின் முனைத் துளை), கலருக்கும் கிளியருக்கும் 1.3. டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே கன்னில் காற்று நுழையும் வாயிலில் 26 முதல் 29 பிஎஸ்ஐ வையுங்கள். தூரம் 6 முதல் 8 அங்குலம், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதிக்கு மேல் ஏறட்டும். மணிக்கட்டைச் சுழற்றாதீர்கள், தோளோடு நகருங்கள்.

என்ன கெடும், ஏன் கெடும்:

ஆரஞ்சுத் தோல் என்றால் துளிகள் விழுந்தபின் ஒன்றோடொன்று படரவில்லை. காற்றழுத்தம் குறைவு, கலவை கெட்டி, அல்லது வெயிலுக்கு வேகமான தின்னர். தின்னரை வெப்பத்துக்கு ஏற்ப வாங்குங்கள். 70 ஃபாரன்ஹீட்டுக்கு ஒன்று, 85க்கு இன்னும் மெதுவாக உலர்வது.

குட்டிக் குட்டிக் குழி விட்டால் சிலிக்கான். டாஷ்போர்டு பாலிஷ், துரு தளர்த்தும் ஸ்ப்ரே எதுவும் அந்த வாரம் கராஜில் திறக்க வேண்டாம். மெழுகு நீக்கியைத் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் போடுங்கள். முன்னால் போடாவிட்டால் உப்புத்தாள் கீறலுக்குள் சிலிக்கான் புதைந்துவிடும். ஒரு துணியில் ஈரமாகத் தடவி, அது உலரும் முன் இன்னொரு காய்ந்த துணியில் துடைக்க வேண்டும்.

கிளியரில் ஊசி முனை அளவு கொப்புளம் வந்தால் அவசரம்: கீழ்க் கோட்டின் தின்னர் வெளியேறும் முன் அடுத்ததை அடித்திருக்கிறீர்கள். நல்ல பளபளப்பு இரண்டு வாரத்தில் மங்கிப்போவதும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

கலர் விஷயத்தில் என் கருத்து தெளிவு. முதல் வேலைக்குப் பளபளக்கும் கறுப்பு வேண்டாம், ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். சாட்டின் கறுப்பு சுலபம் என்று நினைக்காதீர்கள். நெளிவு குறைவாகத் தெரியும், உண்மை. ஆனால் தூசி விழுந்தால் தேய்த்துப் பாலிஷ் போட முடியாது, அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஒரு கல் பட்டால் அந்தப் பகுதி முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். ஹைபாயில் முன்சக்கரம் எறியும் கல் நேராகக் கௌலில்தான் விழும். அடர் சிவப்பு, மெட்டாலிக் இல்லாத ஒரே நிறம், பேஸ்-கிளியர் முறையில் (நிறக் கோட்டின் மேல் கிளியர்) என்றால் பழுது பார்க்கலாம். பேஸ் மறையும் வரை இரண்டு மூன்று கோட், கிளியர் மூன்று கோட். காய்ந்தபின் 1500, 2000, 3000 தேய்த்து பஃப் (மெஷின் பாலிஷ்). விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், முதலில் ஓட்டை விழுவது அங்கேதான்.

நோவிராட்29

மிக்க நன்றி. சிவப்பு என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: கதவுகளில் பாஸ்பாரிக் அமிலத் துரு மாற்றி தடவிக் காயவைத்திருக்கிறேன். அதன் மேலேயே எபாக்ஸி அடிக்கலாமா?

உப்புத்தாள்80

கூடாது. காய்ந்த அமிலப் படலத்தின் மேல் பெரும்பாலான எபாக்ஸி பிடிக்காது, தாள் மாதிரி உரியும். அதே திரவத்தை மறுபடி தடவினால் பழைய படலம் கரையும். காயவிடாமல் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே துடைத்து ஹீட் கன்னில் உலர்த்துங்கள். அடுத்து 80ல் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, மெழுகு நீக்கி, அன்றே எபாக்ஸி. கதவின் உள்மடிப்பில் தண்ணீர் தங்காதபடி காற்று ஊதிவிடுங்கள்.

வரிசைஎண்7

விமர்சனத்துக்கு வருகிறேன். வருகிறவர்கள் மூன்று வகை, மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் சிக்கல்.

நடுவர் முதல். ஷோவுக்குப் போகும் முன் எந்தப் பிரிவு என்று விதிப்புத்தகத்தைப் படித்துத் தீர்மானியுங்கள். ஆட்டோரமாவில் ரிட்லர் விருதுக்கு (அந்த ஷோவின் உச்ச விருது) நிற்கும் வண்டிகளின் அடித்தட்டு கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவுக்கு முடிந்திருக்கும். உங்கள் வண்டியை அதோடு ஒப்பிடுவதே தவறு. பழைய பாணி வண்டிகளுக்கு அதே ஷோவின் கீழ்த்தளத்தில் தனி இடம் உண்டு, ஹைபாய்க்கு அது பொருத்தம். மதிப்பெண் தாளைத் தருவார்கள் என்றால் கேட்டு வாங்குங்கள். "பெயிண்ட் சுமார்" என்றால் வாக்குவாதம் வேண்டாம், "எந்தப் பகுதியில், எந்த வெளிச்சத்தில் தெரிந்தது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டப விளக்கில் தெரியும் பஃப் சுழிகள் வெயிலில் வேறு மாதிரி தெரியும். முந்தைய இரவே வீட்டில் எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வேலை தெரிந்தவர். இவர் இடத்தைக் காட்டிப் பேசுவார்: "இடது கதவின் கீழ் மூலையில் இடைவெளி விரிகிறது." சொன்னது சரியென்றால் "ஆமாம், ஷிம் மாற்ற வேண்டும்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த நிமிடமே எப்படிச் சரி செய்வது என்று சொல்லித் தருவார். இத்தகையவர்களுக்காகவே ஒரு பலகை வையுங்கள்: பாடி ஆண்டு, இரும்பா ஃபைபரா, சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், பெயிண்ட் முறை, வேலை முழுக்க வீட்டில் செய்தது. வெறும் இரும்பாக இருந்தபோது எடுத்த நான்கைந்து படங்களையும் ஒட்டுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தைப் படத்தில் காட்டிவிட்டால், மறைத்தீர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ரசனையைச் சொல்பவர். ஷெவி எஞ்சின், சக்கர அகலம், "அசலாக வைத்திருக்கலாமே". இதில் திருத்த எதுவும் இல்லை. "உங்கள் வண்டி என்ன?" என்று கேளுங்கள், பேச்சு திசை மாறும். தொட்டுப் பார்ப்பவர்களைத் தடுக்க "தொடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதுவதைவிட, வண்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது பலன் தரும். பெல்ட் பக்கிளும் பையின் ஜிப்பும்தான் கீறும்.

வுட்வர்டில் நாள் முழுக்கத் தூசி ஏறும். உலர்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். துடைப்பு ஸ்ப்ரேயும் மைக்ரோஃபைபர் துணியும் பயன்படுத்துங்கள், துணி தரையில் விழுந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

ஏ_வி8

ஷெவி பற்றி மட்டும். 1932ல் ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8 வந்தது, பையன்கள் அதைப் பழைய மாடல் ஏயில் இறக்கினார்கள். 1955ல் ஷெவியின் 265 வி8 வந்தபின் அதை இறக்கினார்கள். எடை குறைவு, சக்தி அதிகம், கிடைப்பதும் சுலபம் என்பதே காரணம். கையில் கிடைத்த நல்ல எஞ்சினைப் போடுவது ஹாட் ராடின் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். 1950ல் ஓக்லாந்து ஷோவில் முதல் "அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்" விருது வாங்கிய பில் நீகாம்ப் வண்டியும் 1929 ஃபோர்டு பாடிதான். அது பின்னால் எல் மிராஜ் உலர் ஏரியில் ரேஸும் ஓடியது. கேட்பவருக்கு நேரமிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கன்_1.3

ஆகஸ்ட் என்றால் நாள் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். டிரீம் குரூஸ் மூன்றாவது சனிக்கிழமை. கிளியர் ஜூன் முடிவுக்குள் அடித்திருக்க வேண்டும். பஃப் போட்டபின் வண்டியைப் பூட்டவே இரண்டு மூன்று வாரம் போகும், அவசரத்தில்தான் ஸ்பேனர் வழுக்கிக் கீறும். போல்ட் தலைகளைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு இறுக்குங்கள். மெழுகு குறைந்தது 60 நாளுக்குப் பிறகு, அதுவரை கவர் போட்டு மூடவும் வேண்டாம், தின்னர் வெளியேற வழியிருக்காது. கௌல் டேங்கை வைத்துக்கொண்டால், மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்தாமல் ஒரு துணியை விரித்துப் பிடித்து ஊற்றுங்கள். முதல் மாதம் கிளியர் இன்னும் மென்மையாகவே இருக்கும்.