மேல்மாடி அவசர விளக்குகள் 40 நிமிடத்தில் அணைகின்றன: உதவி தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து மாடித் தொடர்மாடி. படிக்கட்டில் 14 அவசர விளக்குகள், எல்லாம் 3 மணித்தியால வகை. உள்ளே 3.6 வோல்ட், 4 ஆம்பியர் மணி நிக்கல் கட்மியம் பட்டரி. 24 மணித்தியாலம் சார்ஜ் ஏற்றி, பிரேக்கரை இறக்கிச் சோதித்ததில் கீழ்மாடிகள் முழு நேரமும் தாங்கின. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள நாலும் 40 நிமிடத்தில் அணைந்தன. அதுவரை பச்சை லைட் ஒழுங்காக எரிந்ததுதான். ஆனால் அது சார்ஜ் போவதை மட்டுமே காட்டும், பட்டரியின் கொள்ளளவை அல்ல.

காரணம் சூடு என்றே படுகிறது: பின்னேரம் 3 மணிக்குப் பட்டரி உறையில் 58 பாகை. வயரிங் சரி, சுவிட்சை அணைத்தாலும் சார்ஜ் நிற்காதபடி சுவிட்சுக்கு முன்னாலேயே லைவ் வயர் எடுத்திருக்கு. சார்ஜ் மின்னோட்டமும் கீழ்மாடியில் உள்ள அதே அளவுதான்.

லிதியம் மாற்றச் சொல்லாதீர்கள். நிக்கல் கட்மியம் சார்ஜரில் அதைப் போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

புறக்கோட்டையில் உயர்வெப்ப வகைப் பட்டரி, தயாரிப்புத் திகதி புதிதாக, எங்கே கிடைக்கும்? தட்டில் கிடந்து பழசானது வேண்டாம். பட்டரியை மட்டும் சீலிங்கிலிருந்து ஒரு மீற்றர் கீழே இறக்கியவர்கள் எத்தனை சதுர மில்லிமீற்றர் வயர் போட்டீர்கள்? 3.6 வோல்ட்டில், வயரில் 0.2 வோல்ட் இழந்தாலே பெரிது. மேல்மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.