வாட்டர் பெட்: எவ்வளவு தண்ணீர், எங்கே தவறு? புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், தங்கள் ஊர்ப் பெயரில் சொன்னவை

மூலக்குளம்:
படுக்கைப்புண் வராமல் தடுக்கத்தான் இந்தத் தண்ணீர்ப் பை. ஆனால் வாங்கி வந்ததும் முட்ட முட்டத் தண்ணீர் பிடித்துவிடுகிறார்கள். பயன் கெடுவதே அங்கேதான். விறைத்த பையில் உடம்பு அமிழாமல் மேலே உருளும். இடுப்பு, குதிகால் அழுத்தம் துளியும் குறையாது. ஆறடிக்கு மூன்றடிப் பையில் ஓர் அங்குல உயரத்துக்குச் சுமார் 42 லிட்டர் கொள்ளும். மூன்று அங்குலத்துக்குப் பத்து லிட்டர் வாளியால் 12 அல்லது 13 முறை. ஆளைப் படுக்கவைத்தபின் பைக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் தண்ணீர் போதாது. கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்கவேண்டும். நிரப்பியதும், பையின் வாயை மூடும் முன், எதிர்முனையிலிருந்து முழங்கையால் அழுத்தி வாய்ப்பக்கம் தள்ளினால் காற்று குமிழ் விட்டு வெளியேறும். காற்று தங்கினால் ஒவ்வொரு அசைவுக்கும் தளும்பும், நோயாளிக்குத் தலை சுற்றலாம்.

மஞ்சக்குப்பம்:
கட்டிலில் விரித்துவிட்டு, ஓஸ் போட்டு அங்கேயே நிரப்புங்கள். 120 கிலோவுக்கு மேல் வரும், பிறகு நகர்த்த முடியாது. கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம், நடுவில் தொய்ந்து தண்ணீர் மொத்தமும் அங்கே தேங்கும். மோட்டார் வைத்த ஏர் பெட் நல்லதுதான். ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. இந்தக் கரையில் தண்ணீர்ப் படுக்கையையும் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். மார்கழியில் மட்டும் கவனம்: தண்ணீர் உடம்புச் சூட்டை இழுக்கும். மேலே ஒரு மெல்லிய பருத்திப் போர்வை போதும்.

முதலியார்பேட்டை (நர்ஸ்):
அந்த ஒரு போர்வைக்கு மேல் ரப்பர் ஷீட், மெத்தை விரிப்பு என்று அடுக்காதீங்க அண்ணே, தண்ணீரின் பயன் உடம்புக்கு எட்டாது. விரிப்பை இழுத்துக் கட்டவும் கூடாது, தளர்வாக இருக்கணும்.

வாட்டர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தக்கூடாது. குளிப்பாட்டும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கம், குதிகால் மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்க. அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம்; சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதையே அறிகுறியாக எடுத்துக்கணும். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்தால் ஆள் கீழே சறுக்குவார், வால் எலும்புத் தோல் இழுபட்டுக் கிழியும். முதுகெலும்பு முறிந்தவர்களை டாக்டரைக் கேட்காமல் இதில் போடவே கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்:
பை ஓட்டையாவதில் பெரும்பங்கு ஊக்குக்குத்தான். தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கு, குனிந்து ஆளைத் தூக்கும்போது குத்தும். ரப்பர் பை என்றால் சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனும் பேட்ச்சும் பிடிக்கும். தேய்த்து, ஈரம் காய்ந்தபிறகு ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பைக்கு அது பிடிக்காது, வினைல் பசை வாங்குங்கள். எடுத்து வைக்கும்போது நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே உலர்ந்ததும் முகப்பவுடர் தூவிச் சுருட்டுங்கள். மடித்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.