எக்ஸ்வி6 கேர்னல்: ஒரு சிபியுவில் ஓடுகிறது, மூன்றில் உறைகிறது

கொக்குவில் மாணவன்:
வணக்கம். பணிசெயல் முறைமைப் பாடத்தின் ஒப்படைக்காக, எம்.ஐ.டி.யின் எக்ஸ்வி6 என்ற கற்பித்தல் கேர்னலில் (பணிசெயல் முறைமையின் மையப்பகுதி; ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான பதிப்பு) ஒரு புதிய சிஸ்டம் கோல் (நிரல்கள் கேர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எழுதியிருக்கிறேன். கொடுத்த எண்ணுக்குரிய செயன்முறையையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அது முடித்துவைக்க வேண்டும். செயன்முறை அட்டவணையின் 64 இடங்களையும் சுற்றிவந்து, ஒவ்வொன்றின் லொக்கையும் (ஒரு நேரத்தில் ஒருவரையே தொடவிடும் பூட்டு) எடுத்து எண்ணை ஒப்பிடுகிறேன். பொருந்தினால், அந்த லொக்கை விடாமலே, பெற்றோர்-பிள்ளை உறவைக் காக்கும் பொதுவான வெயிட் லொக்கையும் எடுத்துப் பிள்ளைகளைத் தேடுகிறேன். ஒரு சிபியுவுடன் இரவு முழுவதும் ஓடவிட்டும் எந்தக் குறையும் இல்லை. கியூஎமுவின் (கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) 3 சிபியுவுடன் ஓட்டினால் என் சோதனை நிரல் சில நிமிடங்களில் உறைந்துவிடுகிறது. பேனிக் (பிழை கண்டு கேர்னல் தானே நின்றுவிடுவது) செய்திகூட வருவதில்லை. எங்கே பார்ப்பது?

வட்டுக்கோட்டை வாசகன்:
உறைந்த நிலையிலேயே பிழைதேடும் கருவியான ஜிடிபியை இணைத்து, ஒவ்வொரு சிபியுவும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குறைந்தது இரண்டு, லொக்கை எடுக்கும் அக்வயர் சார்பின் சுற்றுக்குள் நிற்கும். அவை காத்திருக்கும் லொக்கின் பெயரும், அதை வைத்திருக்கும் சிபியுவும் லொக்கின் கட்டமைப்பிலேயே பதிவாகியிருக்கும். ஒன்று மற்றதன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போது தெரியும்.

காரணம் உங்கள் விபரிப்பிலேயே இருக்கிறது. செயன்முறையை முடிக்கும் எக்ஸிட் சார்பு முதலில் வெயிட் லொக்கை எடுத்து, அதை வைத்தபடியே பெற்றோரை எழுப்ப வேக்அப்பை அழைக்கிறது. வேக்அப்போ அட்டவணையிலுள்ள ஏனைய செயன்முறைகளின் லொக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறது. நீங்கள் அதே இரண்டையும் தலைகீழாக எடுக்கிறீர்கள். செயன்முறை லொக் எதையும் எடுப்பதற்கு முன்பே வெயிட் லொக்கை எடுக்க வேண்டும் என்று இந்தச் சார்புகள் இருக்கும் கோப்பின் தொடக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. நானும் ஒருகாலத்தில் வாசித்ததில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
ஒரு சிபியுவில் ஏன் உறையவில்லை என்பதையும் தம்பி விளங்கிக்கொள்ள வேண்டும். அக்வயர் முதல் வேலையாக அந்தச் சிபியுவின் இன்டரப்டுகளை (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகைகள்) நிறுத்திவிடுகிறது. ஆகவே வெயிட் லொக்கை வைத்திருக்கும் செயன்முறையை இடைநடுவில் விலக்கி இன்னொன்றை ஓடவிட வழியே இல்லை. ஒழுங்கையில் ஒரேயொரு லொறி ஓடும்வரை எதிரே வர ஆளில்லை. அதனால் ஒழுங்கை அகலம் என்று ஆகிவிடாது. உங்கள் இரவு முழுவதுமான சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

கொக்குவில் மாணவன்:
மிக்க நன்றி. ஜிடிபியில் அப்படியேதான் இருந்தது. இப்போது எண் பொருந்தியதும் செயன்முறை லொக்கை விட்டுவிட்டு, அதன்பின் வெயிட் லொக்கை எடுக்கிறேன். உறைவதில்லை.

வட்டுக்கோட்டை வாசகன்:
டெட்லொக் (ஒன்றுக்காக மற்றது முடிவின்றிக் காத்திருப்பது) போய்விட்டது, ஆனால் அதைவிடக் கெட்ட பிழையொன்றைக் கொண்டுவந்துவிட்டீர்கள். முதல் லொக்கை விட்டு இரண்டாவதை எடுக்கும் இடைவெளிக்குள் அந்தச் செயன்முறை முடிந்து, அதன் பெற்றோர் வெயிட் (பிள்ளை முடியக் காத்திருக்கும் அழைப்பு) மூலம் அட்டவணை இடத்தை விடுவித்து, அதே இடத்தில் வேறொரு செயன்முறை குடியேறியிருக்கலாம். அப்போது நீங்கள் கொல்வது ஒரு சம்பந்தமுமில்லாத பிள்ளைகளை. உறைந்தால் தெரியும், இது தெரியாது.

வெயிட் லொக்கைத் தொடக்கத்திலேயே எடுத்து, தேடலும் குறியிடலும் முடியும்வரை வைத்திருங்கள். உள்ளே செயன்முறை லொக்குகளை ஒன்றொன்றாக எடுத்து விடுங்கள். முடிந்த செயன்முறையின் இடம் வெயிட் லொக்கின் கீழேதான் விடுவிக்கப்படுகிறது, பெற்றோர் யார் என்பதும் அதன் கீழேதான் மாறுகிறது.

இன்னும் ஓர் ஓட்டை உண்டு. கில் என்பது, முடிய வேண்டும் என்று செயன்முறையைக் குறியிடல் மாத்திரமே. குறியிடப்பட்ட செயன்முறை அந்நேரம் ஃபோர்க்கின் (புதிய பிள்ளையை உருவாக்கும் அழைப்பு) நடுவில் இருந்தால், நீங்கள் வெயிட் லொக்கை விட்டபின் புதிய பிள்ளையைப் பதிந்துவிடும், அந்தப் பிள்ளை தப்பிவிடும். ஃபோர்க்கில் பெற்றோரைப் பதியும் இடத்தில், வெயிட் லொக் கையில் இருக்கும்போதே, தான் குறியிடப்பட்டிருக்கிறேனா என்று பார்த்து, ஆம் என்றால் பிள்ளையையும் குறியிடச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
லினக்ஸில் 2006இல் 2.6.18 பதிப்புடன் வந்த லொக்டெப் என்ற லொக் வரிசைச் சரிபார்ப்பு, உண்மையில் உறையாமலே இத்தகைய தலைகீழ் வரிசையைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்வி6இல் அது இல்லை, ஆனால் இந்த ஒரு லொக்குக்கு ஒரு வரி போதும். அக்வயரில் இன்டரப்டை நிறுத்தியபின், எடுக்கப்படுவது வெயிட் லொக்காக இருந்து, அந்தச் சிபியுவின் நிறுத்தக் கணக்கு (லொக் எடுக்கும்போதெல்லாம் ஒன்று கூடும் எண்ணிக்கை) 1 ஆக இல்லாவிட்டால் பேனிக் செய்யுங்கள். வேறு லொக் கையில் இருக்கும்போது வெயிட் லொக்கைக் கேட்டால், ஒரு சிபியுவிலும் அகப்படும்.

கொக்குவில் மாணவன்:
அந்த வரியைச் சேர்த்து என் பழைய நிரலை ஒரு சிபியுவில் ஓட்டினேன். முதல் அழைப்பிலேயே பேனிக். புதிய நிரலோ வேறொரு பேனிக்கைத் தந்தது: சிபியுவை வேறு செயன்முறைக்கு விட்டுக்கொடுக்கும் ஸ்கெட் சார்பில், லொக் கணக்குப் பிழை என்று. எண் கிடைக்காதபோது திரும்பும் பாதையில் வெயிட் லொக்கை விட மறந்திருக்கிறேன். அதைத் திருத்தியபின் 3 சிபியுவுடன் நேற்று மாலையிலிருந்து ஓடுகிறது.