கச்சான் காற்று ஓய்ந்த மாதங்களில் மின்சாரம் எங்கிருந்து வரும்?

உப்புவெளி வாசன்:
நமது திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நமது கரையோரத்தில் காற்றாலைகளை நிறுவ வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்கு நடந்த விலைமனுப் போட்டியில் ஓர் அலகின் விலை 4.65 அமெரிக்க சதத்துக்கு இறங்கியது. டொலர் இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாமல் 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் கிடந்த நாடு, கப்பலில் வரத் தேவையில்லாத காற்றை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

மூதூர் இளங்கோ:
நண்பரே, மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு எப்போது கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கச்சான் பலமாக வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில்தான், அதே தென்மேல் பருவக்காற்று மலையகத்தில் மழையாகக் கொட்டி காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. அதாவது நீர்மின்சாரம் தாராளமாக உள்ளபோதே காற்று மின்சாரமும் வந்து சேர்கிறது. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தி மின்தேவை ஏறும்போது நீரும் குறைவு, காற்றும் குறைவு. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். அந்த மாதங்களுக்காக நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 900 மெகாவாட்டைப் பராமரித்தே ஆக வேண்டும். அந்தச் செலவு 4.65 சதத்தில் இல்லை.

உப்புவெளி வாசன்:
நுரைச்சோலையையும் முழுதாக நம்ப இயலாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டபோது, அதன் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், மீண்டும் இயங்கப் பல நாட்கள் சென்றன.

மூதூர் இளங்கோ:
அன்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல். தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்து, மின்வலையைத் தாங்கிப்பிடிக்கும் கனமான சுழலிகள் குறைவாக ஓடியதும் காரணம் என்பதை விட்டுவிடாதீர்கள்.

நிலாவெளிவாசி:
இருவரும் உற்பத்தியை மட்டுமே பேசுகிறீர்கள். எங்கள் குடும்பம் ஐஸ் ஆலை நடத்துகிறது. ஐஸ் கட்டி வெளியிலிருந்து உள்நோக்கி உறைவதால், 2022இல் மின்சாரம் இடையில் நின்ற நாட்களில் நடுப்பகுதி தண்ணீராகவே இருந்தது. வள்ளக்காரர் அதை வாங்க மறுத்தார்கள். ஆனால் கிழக்குக் கடல் அமைதியாகி மீன்பாடு பெருகுவதும், ஐஸ் அதிகம் தேவைப்படுவதும் கச்சான் காலத்தில்தான். காற்று பலமாக வீசும் மணித்தியாலங்களில் கட்டணத்தைக் குறைத்தால், அப்போது கூடுதலாக உறையவைத்துக் களஞ்சியத்தில் வைக்க எங்களால் முடியும்.

மூதூர் இளங்கோ:
இது ஏற்கத்தக்க யோசனை. ஆயினும் இது ஆவணிக்குத்தான் விடை, சித்திரைக்கு அல்ல. காற்றாலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், சித்திரை மாத இரவுத் தேவையை எதைக்கொண்டு, என்ன விலையில் நிரப்பப்போகிறார்கள் என்பதையும் மின்சாரத் துறை நமக்குச் சொல்ல வேண்டும்.