‘பிளாக் டைம்’: கட்டைநேரமா, கால்விடுகாலமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கான புவியியல் துணைப்பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 5,540 கிலோமீட்டரை, அதாவது பூமிப் பரப்பின் மீது செல்லும் மிகக் குறுகிய வழியின் நீளத்தை, ‘பெருவட்டத் தொலைவு’ என்று எழுதிவிட்டேன். உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் மேலாகச் செல்வதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். சிக்கல் ‘பிளாக் டைம்’ (block time) என்ற விமானத்துறைச் சொல்லில்தான்; அதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? சக்கரத்தடியில் இருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கப்படும் வரையிலான நேரம் அது. விமான அட்டவணையில் லண்டனிலிருந்து போவதற்குச் சுமார் 8 மணி நேரம், திரும்புவதற்கு 7 மணி நேரம் என்று போடுவது இதைத்தான்.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:
சொல் நம் தேரோட்டத்திலேயே இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள் அல்லவா? எனினும் ‘கட்டை’ பிணத்தையும் குறிப்பதால் எனக்கு உவப்பில்லை. தேர்க்கால் என்றால் சக்கரம். கால் என்றால் காற்று. காலமும் அவ்வேரில் பிறந்ததே என்பது என் உறுதியான கருத்து. உயரத்தில் வீசும் மேலைக்காற்றை எதிர்த்துச் செல்வதால்தான் நியூயார்க் போக ஒரு மணி கூடுகிறது. ஆகவே சக்கரம், காற்று, பொழுது மூன்றையும் தாங்கும் ‘கால்விடுகாலம்’ என்பதை முன்மொழிகிறேன்.

பள்ளி ஆசிரியை எழுதியது:
ஐயா, என் வகுப்பில் நேரத்தைப் பற்றிப் பேசும்போது ‘கால்’ என்றால் பதினைந்து நிமிடம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். காலம் தமிழா வடமொழியா என்ற வழக்கோ வெள்ளிக்கிழமைக்குள் தீராது. ‘பயண நேரம்’ என்றே எழுதலாமே?

ஓய்வுபெற்ற விமானநிலையப் பணியாளர் எழுதியது:
அம்மா, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எண்ணுவதும் பயண நேரம்தானே! 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து இறங்கியது. அது பறந்த நேரம்; அட்டவணையில் உள்ள 7 மணியோடு அதை நேராக ஒப்பிட்டால் மாணவர் கணக்கில் பிழை வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கயிறு கோத்த மஞ்சள் ரப்பர்க் கட்டையை டயருக்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ ஆண்டுகள் கையால் வைத்து எடுத்தவன். ஆங்கிலத்தில் ‘சாக்’ என்போம், தமிழில் பேசும்போது கட்டை என்றே சொல்வோம். ‘கட்டைநேரம்’ என்பதே என் விருப்பம்.

பள்ளி ஆசிரியை எழுதியது:
ஏற்கிறேன். ஆனால் சொல் முதலில் வரும் பக்கத்தில் சக்கரத்தடிக் கட்டையின் படம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
மூவர் கருத்து ஒத்துவருவதால் ‘கட்டைநேரம்’, ‘பறப்பு நேரம்’ என்று இரண்டையும் பிரித்து எழுதிப் படத்தோடு அனுப்புகிறேன்.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:
அனுப்புங்கள், அச்சுக்குத் தடையாக நிற்க மாட்டேன். ஆயினும் என் உடன்பாடின்மையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காலம் என்பதன் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.