ஒரே கலவை, இரண்டு படலங்கள்: ஒன்று மட்டும் வெளுப்பது ஏன்?

கேள்வி:
பாலிஸ்டைரீனையும் பிஎம்எம்ஏவையும் (பாலிமெத்தில் மெதக்ரிலேட், அக்ரிலிக் கண்ணாடிப் பிளாஸ்டிக்) சம எடையில் கலந்து படலம் எடுக்கிறேன். டொலுவீனில் கரைத்துச் சுழற்பூச்சில் (வேகமாகச் சுழலும் தளத்தில் கரைசலைப் பரப்பும் முறை) எடுத்தது தெளிவாக இருக்கிறது. குளோரோஃபார்மில் கரைத்துத் தட்டில் ஊற்றி உலரவிட்டது பால்போல வெளுத்துவிட்டது. தெளிவான படலத்தில் இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டன என்று கொள்ளலாமா? வெளுத்ததைச் சூடாக்கினால் சரியாகுமா?

பதில்:
தெளிவாக இருப்பது கலந்ததற்குச் சான்றாகாது. இவை இரண்டும் ஒன்றோடொன்று சேராத பாலிமர்கள். கரைப்பான் குறையக் குறையத் தனித்தனித் திட்டுகளாகப் பிரியும்; உலர எடுக்கும் நேரம் கூடினால் திட்டுகளும் பெரிதாகும். சுழற்பூச்சில் கரைப்பான் சில நொடிகளில் போய்விடுவதால் அவை வளர்வதற்குள் உறைந்துவிடுகின்றன. படலமும் மிக மெல்லியது, ஒளி சிதற இடம் குறைவு. ஊற்றிய படலம் தடிமனானது, மெல்ல உலர்வது. அதில் திட்டுகள் ஒளியின் அலைநீள அளவுக்கு வளர்ந்துவிட்டால் பாலிஸ்டைரீனுக்கு 1.59, பிஎம்எம்ஏவுக்கு 1.49 என்ற ஒளிவிலகல் எண் வேறுபாடே வெளுப்புக்குப் போதும்.

ஆனால் நீங்கள் முறையோடு கரைப்பானையும் சேர்த்தே மாற்றியிருக்கிறீர்கள். எது எதனால் வந்தது என்று இப்போது சொல்லவே முடியாது. குளோரோஃபார்ம் விரைந்து ஆவியாவதால் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகப் படியும். அவை விட்டுச்செல்லும் குழிகளும் வெளுப்பாகத் தெரியும். பாலிஸ்டைரீனை மட்டும் அதே கரைப்பானில் ஊற்றிப் பாருங்கள். ஒரே பாலிமரில் பிரிய ஏதுமில்லை; அதுவும் வெளுத்தால் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன், ஐயா. வெறும் பாலிஸ்டைரீனும் வெளுத்தது! நுண்ணோக்கியில் மேற்பரப்பெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வட்டக் குழிகள். ஈரமில்லாத நைட்ரஜன் வாயுச் சூழலில் ஊற்றியபோது பாலிஸ்டைரீன் தெளிந்துவிட்டது. கலவையில் மட்டும் லேசான மூட்டம் நீடிக்கிறது.

இன்னொருவரின் பதில்:
நீடிக்கும் அந்த மூட்டம்தான் உங்கள் கலவை பிரிந்ததன் அடையாளம். குழிகள் ஈரத்தின் வேலை.

சுழற்பூச்சுப் படலம் ஒன்றைச் சற்றே வெதுவெதுப்பான சைக்ளோஹெக்சேனில் நனைத்தெடுங்கள். பாலிஸ்டைரீன் கரைந்துபோகும், பிஎம்எம்ஏ நிற்கும். நனைக்கும் முன்னும் பின்னும் அணுவிசை நுண்ணோக்கியில் (மேற்பரப்பை நுண்முனையால் வருடி மேடுபள்ளங்களைக் காட்டும் கருவி) பார்த்தால், தெளிவான படலத்துக்குள்ளும் திட்டுகள் இருப்பது கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எந்தப் பகுதி எந்தப் பாலிமர் என்ற ஊகத்துக்கே இடமிராது.

சூடாக்குவதால் கலக்காது. இரண்டின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையும் (கெட்டியான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை ஒட்டியது. அதைத் தாண்டினால் பாலிமரின் மூலக்கூறுச் சங்கிலிகள் நகரத் தொடங்கித் திட்டுகள் இன்னும் பெரிதாகும். மெல்லிய படலமானால் தளத்தைவிட்டுச் சுருங்கித் துளிகளாகவும் ஆகலாம்.

முறைகளை ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் இரண்டுக்குமே டொலுவீனை வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும் தட்டைத் தளர்வாக மூடி வையுங்கள். தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது பெரிதும் மாறினால் ஒப்பீடு மறுபடி குழம்பும்.